முதல் தரம் வீட்டுக்கு

கேஸ் சிலிண்டர் போட வந்தவன் இடம் பண்ணுவதற்காக அரிசி டிரம்மை நகர்த்தினான். அதன் பின்னாலிருந்து ஒரு பச்சை டப்பா உருண்டு வந்து பச்சையப்பன் காலடியில் நின்றது. அவர் குனிவதற்குள் சிலிண்டர்காரன் எடுத்துவிட்டான். படிக்கவும் தெரிந்தவன்.

"சாந்தவல்லி. டென்ஷன், படபடப்பு, தூக்கமின்மைக்கு நூறு சதம் மூலிகை கேப்ஸ்யூல்," என்று உரக்கப் படித்தான். "இன்னா பெத்தாயனா, நாட்டு மருந்துக் கடைய வெச்சிக்கினு டப்பா மாத்திர வாங்கித் துன்றீங்களா?"

தெலுங்கும் தமிழும் கலந்த அந்த ஊரில் பெத்தாயனா, அதாவது பெரியவர், என்று பெயரெடுத்த பச்சையப்பன் டப்பாவைப் பிடுங்கினார். அவன் சிரித்துக்கொண்டே காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். இனி ஒவ்வொரு வீட்டிலும் சிலிண்டரோடு இந்தச் சேதியையும் இறக்கி வைப்பான். மதியத்துக்குள் நகரி கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

அவமானம் யாருக்கு என்றால், பச்சையப்பனுக்கு. நகரியில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், கடை எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திருப்பதியில் ஒரு வேர்க் கிடங்கில் மூட்டை தூக்கப் போனவர் அவர். அங்கே தூக்கியது முதுகு, படித்தது மூக்கு. அமுக்கராங்கிழங்கை இரண்டாக ஒடித்தால் வரும் சத்தத்தை வைத்தே அது காய்ந்ததா, காய்ந்த மாதிரி நடிக்கிறதா என்று சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் இது புத்தூர் செம்மண்ணில் விளைந்தது, இது வரதய்யபாளையம் பக்கத்துச் சரக்கு என்று பிரித்து வைப்பார். நல்ல கிழங்கில் குதிரை வாடை அடிக்கும். அந்த வாடை இல்லாததை அவர் கையால்கூடத் தொடுவதில்லை.

ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி ஆபீசர் வந்தான். கழுத்தில் அட்டை தொங்கியது. எம்.எஸ்சி. படித்தவனாம். அவன் முன்னால் இரண்டு கிழங்கை வைத்து, "இதுல எது நல்லது, சொல்லுப்பா" என்றார் பச்சையப்பன். அவன் போனில் படம் பிடித்தான், நகத்தால் கீறினான், கடைசியில் வெள்ளையாக, அழகாக இருந்ததை எடுத்தான். அது பூச்சி அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு நீரில் முக்கிய கிழங்கு. அன்றைக்குக் கடைத்தெருவே சிரித்தது. அதற்கப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து ஆபீசர் வருவதில்லை. பச்சையப்பன் அனுப்புவதுதான் சரக்கு.

கடலை காய்ந்து போன பூமியில் அமுக்கராவைப் போடச் சொல்லி ஊர் ஊராக மொபெட்டில் அலைந்தவர் அவர்தான். இன்றைக்கு மாசி வந்தால் பதினாறு கிராமத்துச் செடி அவருடைய களத்தில் வந்து குவிகிறது. செடியை வேரோடு பிடுங்கி, கிழங்கை வெட்டி, காயவைத்து, மண் உதிரத் தடியால் அடித்து, தரம் பிரிப்பார்கள். விரல் தடிமனுக்கு நீளமாக ஓடியது முதல் தரம். அதில் முதல் மூட்டையை அவர் யாருக்கும் விற்பதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்.

"தான் விக்கறத தன் பொண்டாட்டிக்குக் குடுக்க பயப்படறவன் வியாபாரி இல்ல, திருடன்," என்பார். நாற்பது வருஷமாக இதைச் சொல்லாத நாளில்லை.

அந்தப் பொண்டாட்டிதான் ரத்தினம்மா. அவள்தான் அந்த டப்பாவை டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள்.

ரத்தினம்மாவுக்கு இரண்டு வருஷமாகத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. திருப்பதியில் துர்காதேவி என்கிற டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் தரணியைத் திருப்பதியில் கட்டிக்கொடுத்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இவர்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் விசைத்தறிக் கூடம். விடிந்ததிலிருந்து தடதடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் போய்த் தறிகள் ஒரே நேரத்தில் நின்றுபோனால்தான் சங்கடம். திடீரென்று விழும் அமைதியில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றுமாம். வேர்த்துக் கொட்டும்.

"இதுக்குப் போயி டாக்டரா," என்றார் பச்சையப்பன். "நம்ம வூட்டுலயே மருந்து இருக்குது."

முதல் மூட்டையைப் பிரித்தார். கிழங்கை இடித்துச் சலித்து, பால் கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, அதன் மேல் மாவைப் பரப்பி ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, மறுபடி இடித்தார். கடைக்குக்கூட இவ்வளவு பாடுபட்டதில்லை. தினமும் காலையில் தம் கையாலேயே ஒரு ஸ்பூன் பாலில் கலக்கிக் கொடுத்தார். முதலில் கொஞ்சம் நன்றாகத் தூங்கினாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே அரை மூட்டை விற்றார்.

மூன்று மாதத்தில் படபடப்பு திரும்பி வந்தது. இரண்டு ஸ்பூன் ஆக்கினார். ஐந்தாவது மாதம் அவள் கை நடுங்கியது. வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்துப்போனாள். டாக்டர் துர்காதேவி ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தைராய்டு ஏறியிருந்தது. மாத்திரை அளவைக் குறைத்தார். அடுத்த முறை மறுபடி குறைத்தார்.

"வேற ஏதாவது சாப்பிடறாங்களா, அய்யா?" என்று கேட்கவும் கேட்டார்.

"சோறு துன்றா," என்றார் பச்சையப்பன்.

டாக்டரே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் பச்சையப்பன், "எப்பிடி மடக்கினேன் பாத்தியா," என்று ரத்தினம்மாவிடம் சொன்னார். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணிடம் போய், நாற்பது வருஷ வியாபாரி தன் கிழங்கைப் பற்றி எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். கிழங்கு என்ன மருந்தா? சாப்பாடு மாதிரிதானே.

இப்படி இருக்கும்போதுதான் டப்பா உருண்டு வந்தது.

"இத யாரு வாங்கினது?" என்று கேட்டார். அடுப்படியில் நின்ற ரத்தினம்மா திரும்பவில்லை.

"தரணி அனுப்பினா. போன்ல பாத்தாளாம்."

"எவ்ளோ நாளா?"

"ஒரு மாசம்."

"நான் குடுக்கறது பத்தலியா ஒனக்கு?"

"நீ குடுத்து எனக்குப் படபடப்பு நின்னிருந்தா நான் ஏன்யா இத முழுங்கறேன்?" அவள் அப்போதுதான் திரும்பினாள். முந்தானையைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது. "ஒன்கிட்ட சொன்னா நீ கத்துவே. கத்தினா நெஞ்சு அடிச்சிக்கும். அதான் ஒளிச்சி வெச்சேன்."

பச்சையப்பன் ஒரு கேப்ஸ்யூலை உடைத்து உள்ளங்கையில் கொட்டினார். முகர்ந்தார். குதிரை வாடை இல்லை. நாக்கில் வைத்தார். கசப்பு, பச்சை நெடி. கிழங்கு மாவு அழுக்கு வெள்ளையாக இருக்கும். இது பாசி நிறத்தில் இருந்தது. டப்பாவின் மேல் மட்டும் பெரிதாக ஒரு கிழங்குப் படம்.

"எல," என்றார். குரல் எழும்பவே இல்லை. "கிழங்குப் படத்தப் போட்டுட்டு எலய அரைச்சி அடச்சிருக்கான். மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும். அத என் வூட்டுப் பொம்பள துன்னுக்கினு இருக்குறா."

டப்பாவில் திருப்பதி விலாசம் இருந்தது. மறுநாள் எப்படியும் ரத்தினம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். புத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள். வழி முழுக்க அவர் வாய் ஓயவில்லை. அந்தக் கம்பெனிக்காரனை நிற்கவைத்து என்னென்ன கேட்கப் போகிறார் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரர்கள்கூட மனப்பாடம் செய்திருப்பார்கள். ரத்தினம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தரணி காத்திருந்தாள். பச்சையப்பன் டப்பாவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நைனா, ஆயிரம் பேரு நல்லா இருக்குதுன்னு எழுதியிருந்தாங்க," என்றாள் தரணி.

"அந்த ஆயிரம் பேர்ல எவனுக்காவது எலைக்கும் கிழங்குக்கும் வித்தியாசம் தெரியுமா? ஒங்க நைனாவுக்குத் தெரியும். நீ அவன்கிட்ட கேட்டியா?"

"ஒன்கிட்ட யாரு நைனா கேக்க முடியும்? நீ சொல்லுவே, நாங்க கேக்கணும். அதானே?"

அம்மாவை உள்ளே அழைத்துப் போகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தார்.

கம்பெனி என்று டப்பாவில் போட்டிருந்தது ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் கண்ணாடி வைத்த சின்ன ஆபீஸ். உள்ளே சந்துரு என்கிற முதலாளி, முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் நாமம், கையில் இரண்டு போன். பச்சையப்பன் கேப்ஸ்யூல்களை அவன் மேஜை மேல் கொட்டினார்.

"இதுல கிழங்கு எங்கடா இருக்குது? காட்டு."

"கூர்ச்சோண்டி பெத்தாயனா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"நான் தண்ணி குடிக்க வர்ல."

"அமுக்கரா செடிதான் பெத்தாயனா. லேபிள்ல செடி பேருதான் போட்டிருக்கோம். வேருன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா, பாருங்க." சந்துரு பொறுமையாகப் பேசினான். அந்தப் பொறுமைதான் பச்சையப்பனுக்கு இன்னும் எரிந்தது. அவனைத் தள்ளிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

அங்கே மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. இரண்டு அடி எடுத்து வைத்தவர் நின்றுவிட்டார்.

மூட்டைகளின் வாய் சணலால் தைக்கப்பட்டிருக்கவில்லை. சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய நூல். தறியில் கழிந்து விழுகிற நூலை அள்ளிவந்து, முறுக்கி, மூட்டை தைக்கிற பழக்கம் நகரியில் ஒரே ஒரு களத்தில்தான் உண்டு. காசு போட்டுச் சணல் வாங்காமல் குப்பையில் கயிறு திரித்த கெட்டிக்காரத்தனத்தை அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். இந்த வருஷம் மாசியில், கிழங்கை வெட்டின பிறகு மிஞ்சிய இலையும் தண்டும் மலைபோல் கிடந்தபோது, ஒரு வேன் டிரைவர் வந்து விலைக்குக் கேட்டான். எருவுக்குத்தான் இருக்கும் என்று பச்சையப்பன் நினைத்தார். "பச்சையப்பன் களத்துல குப்பகூட விலைக்குப் போவுது பாத்தியா," என்று அன்றைக்குக் கடையில் நின்றவர்களிடம் மார்தட்டினார்.

"யாரு குடுத்தது இது?" என்று இப்போது கேட்டார். தெரிந்துகொண்டே கேட்டார்.

சந்துரு நூலைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

"நகரி சரக்கு. அப்போ நீங்கதானா அது?" என்றான். "எதுக்குன்னு நீங்க எங்க டிரைவர ஒரு வார்த்த கேக்கலியே பெத்தாயனா. கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

பச்சையப்பன் கைக்கு எட்டிய மூட்டையை இழுத்துச் சாய்த்தார். தையல் பிரிந்து சருகு அவர் காலெல்லாம் கொட்டியது. இன்னொன்றை இழுத்தார். வேலையாட்கள் இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். மூட்டை தூக்கிய உடம்பு, அறுபத்தெட்டு வயதிலும் இரண்டு பேருக்கு அடங்கவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. தரணி.

"நைனா, ஒடனே வா. அம்மாவுக்கு நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குதாம். படுக்க வெச்சிருக்காங்க. டாக்டர் ஒன்னத்தான் கேக்கறாங்க."

அவர் போனபோது ரத்தினம்மா கட்டிலில் கிடந்தாள். மார்பில் ஒயர்கள். தலைமாட்டுப் பெட்டியில் ஒரு எண் நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் துர்காதேவி அவரைப் பார்த்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தைராய்டு மறுபடி எகிறியிருக்கு, அய்யா. நான் குறைக்கக் குறைக்க ஏறுது. வேற ஏதோ உள்ள போகுது. என்ன அது?"

பச்சையப்பன் டப்பாவை மேஜை மேல் வைத்தார். "இது. திருட்டுப் பய கம்பெனி. அத்தனையும் எல. அவன சும்மா உடமாட்டேன்."

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். "அமுக்கரா. சரி. எப்போலேர்ந்து?"

"ஒரு மாசம்," என்றாள் தரணி.

"நடுக்கம் நாலு மாசமா இருக்கு. நான் முதல்முறை மாத்திரையக் குறைச்சதும் அப்போதான்." டாக்டர் டப்பாவைக் கீழே வைத்தார். "இது நல்லதில்ல, நிறுத்திடலாம். ஆனா ஒரு மாச டப்பா நாலு மாசத்துக்கு முன்னாடி எப்படி வேலை செய்யும்? அம்மா, வேற என்ன சாப்பிடறீங்க?"

ரத்தினம்மா கூரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா," என்றாள்.

பச்சையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலியில் கிடக்கிறவள், மூச்சு வாங்குகிறவள், அவருக்காகப் பொய் சொன்னாள். டாக்டர் முன்னால், மகள் முன்னால் அவர் தலை குனியக் கூடாது என்று சொன்னாள். அவள் நாற்பது வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெட்டியில் எண் இன்னும் நான்கு ஏறியது.

"பொய் சொல்றா," என்றார். "நான் குடுத்தேன். பால்ல. அமுக்கரா."

"எவ்வளவு?"

"மொதல்ல ஒரு ஸ்பூன். கேக்கலன்னு ரெண்டு ஆக்கினேன். எட்டு மாசமா." பிறகு, கேட்காமலே சொன்னார்: "மொத தரம். என் களத்துது. கலப்படம் கெடையாது."

"முதல் தரமா இருந்ததாலதான் இவ்வளவு வேலை செஞ்சிருக்கு," என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. "அமுக்கரா விஷம்னு நான் சொல்லல. சிலருக்குப் படபடப்பு குறையுது, தூக்கம் வருது. ஆனா சிலருக்கு அது தைராய்டை ஏத்தும். இவங்க ஏற்கெனவே அதுக்கு மாத்திரை போடறாங்க. நான் ஒரு பக்கம் குறைக்கிறேன், நீங்க ஒரு பக்கம் ஏத்தறீங்க. கேட்டேனே அய்யா, வேற ஏதாவது சாப்பிடறாங்களான்னு? நீங்க என்ன சொன்னீங்க?"

தரணி அவரைப் பார்த்தாள். அவர் டாக்டரைப் பார்த்தார்.

"சோறு துன்றான்னு சொன்னேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

அன்றும் மறுநாளும் ரத்தினம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். கிழங்கு, டப்பா இரண்டும் நின்றன. இதயத் துடிப்பை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்துத் தொடங்க வேண்டும் என்றார்கள். தறி நிற்கும்போது வருகிற பயத்துக்கென்று தனியாக ஒரு டாக்டரிடம் பேசச் சொன்னார்கள். அவள் போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று பச்சையப்பன் கேட்டதற்கு, "ஒன்னப் பத்தித்தான்," என்றாள்.

அந்த வாரமே அவர் சித்தூருக்குப் போனார். அதிகாரிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஒரு கிழவர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கிழங்குப் படம் போட்டு இலையை விற்கிற கம்பெனி பெயர், விலாசம், எல்லாம் சொன்னார் பச்சையப்பன். அந்தக் கிழவர் தெலுங்கில் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்தினார்.

"அந்த எல அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சின்னு கேப்பாங்க. தெரியாதுன்னு போட்டுடவா?"

"தெரியாதா? நான் குடுத்தது. பச்சையப்பன், நகரின்னு எழுது."

"ஒங்களுக்கே வெனையாயிடும் பெத்தாயனா."

"எழுதுய்யா. மொத வரியிலயே எழுது."

தம் கையெழுத்தைத் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு முறை போட்டார். அது அவர் பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல, மூட்டை மேல் பெயர் எழுதிக் கற்றது. ஊருக்குத் திரும்பியதும் களத்தில் மிச்சமிருந்த இலைக் குவியலைக் குழி வெட்டித் தாமே புதைத்தார். வேலையாள் மண்வெட்டியைக் கேட்டபோது தரவில்லை.

கடையில் வியாபாரம் இப்போது வேறு மாதிரி நடக்கிறது. நேற்று ஒரு தறிக்காரப் பெண் வந்து, "டென்ஷனா இருக்குது பெத்தாயனா, அமுக்கரா நூறு கிராம் குடுங்க," என்றாள்.

"தைராய்டு இருக்குதா?"

"இன்னா?"

"தைராய்டுக்கு மாத்திர போடறியா? தூங்கறதுக்கு மாத்திர? வயித்துல புள்ள?"

"கடையா இது, போலீஸ் ஸ்டேஷனா?"

"எந்த மாத்திர போட்டாலும் சீட்ட எடுத்துக்கினு வா. ஒங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கினு வா. அப்புறம் குடுக்கறேன்."

"பக்கத்து கடையில ஒண்ணும் கேக்காம குடுக்கறாங்க."

"அங்கயே போ," என்று எரிந்து விழுந்தார். அவள் போய்விட்டாள். போன திசையைப் பார்த்து அவர் இன்னும் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுகிறார் என்று எதிர்க்கடைக்காரர்களுக்கு விளங்கவில்லை.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனார். ரத்தினம்மா சோறு போட்டுவிட்டு ரசத்தை எடுத்தாள். மூன்று பக்கமும் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. கரண்ட் போயிற்று. ஒரே மூச்சில் எல்லாத் தறியும் நின்றது.

பச்சையப்பன் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார். கரண்டி பிடித்த அவள் கையையே பார்த்தார். கொஞ்சம் ஆடியது. ரசம் ஒரு சொட்டு தட்டுக்கு வெளியே விழுந்தது. அவள் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள். கை நின்றது. மீதி ரசத்தைச் சோற்றின் மேல் ஊற்றினாள்.

"இன்னாயா மொறைக்கறே? கரண்டுதானே போச்சு," என்றாள். "துன்னு."

அவர் தின்றார். தம் மேல் இருந்த கோபம் மட்டும் அப்படியே இருந்தது.